யாருக்குத் தெற்கு?

என் பழைய சர்வீஸ் புத்தகத்தின் நகல் ஒன்று வேண்டியிருந்தது. போன மாதம் கோர்ட்டுக்குப் போனேன். சம்மன் கொண்டு போகும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் செல்போனைக் காட்டினாள். இப்போதெல்லாம் சம்மனைக் கதவில் ஒட்டினால் போட்டோ எடுக்க வேண்டுமாம். போட்டோவின் அடியில் இடம், நேரம், திசை எல்லாம் தானாகவே விழுந்துவிடுகிறது. "இனிமே தப்பே வராது சார்" என்றாள்.

போன் திசையைச் சொல்லும். சரி. டைப் அடிக்கிறவர் அதைப் பார்ப்பாரா? வக்கீல் பார்ப்பாரா? கையெழுத்துப் போடுகிறவர் பார்ப்பாரா? பழங்காநத்தம் மில் கேஸைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், ஊழியர் சங்க மலரில் போடலாம் என்றாள். எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். இதுவும் அப்படித்தான் இருக்கும்.

நான் பத்தாம் வகுப்பு. அதுவும் மூன்றாம் தடவையில். மசால்ச்சியாக வேலைக்குச் சேர்ந்தேன். விளக்குத் துடைக்கிற வேலை என்று அதற்குப் பொருள். கோர்ட்டில் டியூப்லைட் போட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. பிறகு மார்பில் டவாலிப் பட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்று பேர் கூப்பிட்டேன். பிறகு சம்மன். கடைசிப் பத்து வருடம் அமீனா.

அமீனா என்றால் ஜப்தி என்றுதான் சனம் நினைக்கிறது. எனக்கு வந்த வாரண்டில் பாதி பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. தோற்றவன் தீர்ப்பில் சொன்னதைச் செய்யாமல் உட்கார்ந்திருப்பான். ஜெயித்தவன் மனுப் போடுவான். கோர்ட்டு வாரண்ட் கொடுக்கும். அதைக் கொண்டு போய்ச் செய்து முடிப்பது என் வேலை.

கோச்சடையில் ஒரு தென்னை. அடி இவர் இடத்தில், தலை அவர் வீட்டு ஓட்டுக்கு மேல். காய் விழுந்து ஓடு உடைந்தது. மரக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். ஓட்டுக்காரர் ஓய்வு பெற்ற தாசில்தார். மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டிருந்தால் அரை மணி நேர வேலை. நான்கு வருடம் கேஸ் நடத்தினார்கள். நான் வாரண்டோடு போன அன்று மரம் பட்டு நின்றது. வண்டு அடித்திருந்தது. இரண்டு பேரும் வண்டை விட்டுவிட்டு என்னை முறைத்தார்கள்.

அழகர்கோவில் ரோட்டில் ஒருவர் அடுத்தவர் கிணற்றை ஒட்டி மாட்டுக்கொட்டம் போட்டிருந்தார். மாட்டு மூத்திரம் ஊறிக் கிணற்றுத் தண்ணீர் நாறியது. கொட்டத்தைத் தள்ளிப் போடப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடந்தது. ஏன் தள்ளவில்லை என்று கேட்டேன். "என் எடத்துல நான் என்னமும் செய்வேன்" என்றார்.

என் சர்வீஸில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். வயல்காரரும் சொல்வார், மாடி வீட்டுக்காரரும் சொல்வார். சட்டம் அப்படி இல்லை. உன் இடம் உன்னுடையதுதான். ஆனால் அங்கிருந்து கிளம்புகிற புகை, நாற்றம், சத்தம், தண்ணீர் உன் வேலியோடு நிற்பதில்லை. அது அடுத்தவனை அவன் வீட்டில் நிம்மதியாக இருக்க விடாமல் செய்தால் அதற்குப் பெயர் இடையூறு. கோர்ட்டு தடுக்கும். இவ்வளவுதான் சட்டம். இதை ஒரு தீப்பெட்டியில் எழுதிவிடலாம். வக்கீல்கள் கட்டுக் கட்டாக எழுதினார்கள்.

இனி நாசர். அமீனாக்களுக்கும் சம்மன் ஆட்களுக்கும் மேலே உள்ள அதிகாரியை நாசர் என்போம். எங்கள் நாசர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். டிகிரி படித்தவர். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். மேஜையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். எந்தத் தாள் வந்தாலும் ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைப்பார். படிப்பார். ஒரு வரி கீழே இறக்குவார். படிப்பார். பத்துப் பக்க ரிப்போர்ட் என்றாலும் அப்படித்தான். எதிரே நிற்கிறவனுக்குக் கால் மரத்துப் போகும். போன இடத்தில் பார்த்ததை நாம் சொல்ல ஆரம்பித்தால் தலையைத் தூக்காமல் கேட்பார்.

"தாள்ல இருக்கா?"

இல்லை என்றால் அது நடக்கவில்லை. ஒரு தடவை என்னை நாய் கடித்தது. ரிப்போர்ட்டில் நாயை எழுதவில்லை. காலில் கட்டோடு நின்றேன். தாள்ல இருக்கா என்றுதான் கேட்டார். அந்த ஸ்கேலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது கேஸ்.

பழங்காநத்தத்தில் சோலைமலை என்பவருக்கு மாவு மில். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்பார். மில் தெற்கே ரோட்டைப் பார்த்தது. அந்தப் பக்கம் ஷட்டர். கிழக்கும் மேற்கும் அடுத்த கடைகளின் சுவர். வடக்குச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு பெரிய விசிறி மாட்டியிருந்தார். உள்ளே பறக்கிற மிளகாய்த் தூளை அது வெளியே தள்ளும்.

வெளியே என்றால் பஞ்சவர்ணம் வீட்டுக்குள். மில்லுக்கு வடக்கே அவள் வீடு. நடுவில் நாலடி அகலத்தில் ஒரு துண்டு இடம், அதுவும் அவளுடையது. அவள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச் சுவர். முன்வாசல் வடக்கே ஒரு சந்தில். பின்வாசல் தெற்கே அந்தத் துண்டு இடத்தில். வெளிச்சமும் காற்றும் வர வேண்டிய வழி அந்தப் பின்வாசல்தான். விசிறி வந்த பிறகு கதவைத் திறக்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் லாரி ஆபீஸில் மூட்டை தூக்கியவர். நெஞ்சுச் சளி, இழுப்பு. கதவு திறந்திருந்தால் அவரால் மூச்சு விட முடியாது. கதவைச் சாத்தினால் பகலிலேயே லைட் போட வேண்டும். மூடின அந்த அறையில் அவர் படுத்துக் கிடந்தார்.

பஞ்சவர்ணம் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். விசிறியை மேலே தூக்கி மாட்டு, இல்லை ரோட்டுப் பக்கம் திருப்பு என்று. ரோட்டுப் பக்கம் திருப்பினால் மில்லுக்கு வருகிற ஆட்கள் தும்முவார்களாம். யாவாரம் கெட்டுவிடுமாம். இதை அவளிடமே சொல்லியிருக்கிறார். பிறகுதான் கேஸ்.

வக்கீல் குமாஸ்தா விவரம் கேட்டு எழுதினார். விசிறி எந்தச் சுவரில் என்று கேட்டார். "தெக்குச் சுவருய்யா, தெக்கதான" என்றாள். அவள் அடுப்படியில் நின்று பார்த்தால் அது தெற்குதான். குமாஸ்தா பிராதில் எழுதினார்: பிரதிவாதி தனது மில்லின் தெற்குச் சுவரில் விசிறி வைத்துள்ளார். வக்கீல் கையெழுத்துப் போட்டார்.

இடத்தைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கக் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. அவரும் ஒரு வக்கீல்தான். இன்ன நாள் இன்ன நேரம் வருகிறேன் என்று இரண்டு தரப்புக்கும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. இதைவிடக் கோமாளித்தனமான முறையை நான் பார்த்ததில்லை. திருடன் வீட்டுக்கு நாளை வருகிறேன், பொருளை எடுத்து வெளியே வை என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. அன்றைக்கு மில் லீவு. தரை கழுவி, சாம்பிராணி போட்டிருந்தது. கமிஷனர் சோலைமலை கொடுத்த கலரைக் குடித்துவிட்டு, ஆய்வின்போது நெடி எதுவும் உணரப்படவில்லை என்று எழுதினார். வரைபடமும் போட்டார். அதில் வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இல்லை.

சாட்சி விசாரணை அன்று ஏதோ தாள் கொடுக்க நான் கோர்ட்டுக்குள் இருந்தேன். எதிர் வக்கீல் பஞ்சவர்ணத்தைக் குறுக்கு விசாரணை செய்தார். உன் வீட்டுக்காரருக்கு முன்பே நெஞ்சுக் கோளாறு. மிளகாய் நெடி நோயாளிக்கு ஆகாதுதான். அதற்காக ஊரில் மில்லே நடத்தக் கூடாதா என்றார். சட்டப்படி அது சரியான கேள்வி என்று சொல்கிறார்கள். சாதாரண மனிதனுக்குத் தொந்தரவா என்றுதான் பார்க்க வேண்டுமாம்.

அவள் மஞ்சள் பையிலிருந்து மடித்த வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை வேட்டி. கேஸ் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொல்லைக் கொடியில் போட்டிருந்ததாம். பெஞ்ச் கிளார்க் வாங்கி, நம்பர் போட வேண்டி ஒரு உதறு உதறினார். செங்கல் நிறத்தில் இருந்தது வேட்டி. அவர் ஐந்து தடவை தும்மினார். சுருக்கெழுத்தர் தும்மினார். எதிர் வக்கீலும் தும்மினார். ஜட்ஜ் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வாய்தா போட்டார். பெஞ்ச் கிளார்க்குக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் கிடையாது.

பஞ்சவர்ணம் ஜெயித்தாள். கேஸ் போட்டு ஆறாவது வருடம்.

தீர்ப்பில் இப்படி இருந்தது: பிரதிவாதி தனது மில்லின் தெற்குச் சுவரில் வைத்துள்ள விசிறியை அகற்ற வேண்டியது. மேற்படி சுவரில் உள்ள திறப்பைச் செங்கல் கொண்டு நிரந்தரமாக அடைக்க வேண்டியது. தவறினால் நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டியது.

இரண்டு வக்கீல், ஒரு கமிஷனர், மாறி வந்த இரண்டு ஜட்ஜ், எத்தனையோ டைப்பிஸ்ட். ஒருவரும் அந்தத் தெற்கைப் பார்க்கவில்லை. சோலைமலை பார்த்தார். அப்பீல் போகாமல் பேசாமல் இருந்தார்.

வாரண்ட் என்னிடம் வந்தது. போனேன். பஞ்சவர்ணம் ஒரு கொத்தனாரையும் கடப்பாரையையும் ஏற்பாடு செய்து நின்றாள். சோலைமலை என்னை வரவேற்றார்.

"வாங்கண்ணே. தெக்குச் சுவத்துல விசிறி இருக்கா பாருங்க. இருந்தா நீங்களே கழட்டிக்கங்க, நான் ஏணி பிடிக்கேன்."

இல்லை. விசிறி வடக்குச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே கண் எரிந்தது.

"இது வடக்குச் சுவருண்ணே. இதுல கை வச்சா கோர்ட்டு அவமதிப்பு. எழுத்துல என்ன இருக்கோ அத மட்டும் செய்யுங்க. ஒரு எழுத்துக் கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றார்.

பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் சரி. தீர்ப்பைத் திருத்த அமீனாவுக்கு அதிகாரம் இல்லை. தெற்குச் சுவரில் விசிறி காணப்படவில்லை என்று எழுதி வாரண்டைத் திருப்பிவிட்டேன்.

மறுநாள் அவள் கோர்ட்டு வராந்தாவில் வந்து நின்றாள். தீர்ப்பைத் திருத்த மனுப் போட வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எதிர் தரப்பு ஆட்சேபிக்கும், ஹைகோர்ட்டுக்குப் போகும், ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"எனக்குத் தெக்க இருக்கிறத தெக்கன்னுதான சொன்னேன். அது என் தப்பா அமீனாய்யா?"

கையிலிருந்த வாரண்ட் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"அதுக்குள்ள அந்த மனுசன் செத்துருவாரு. பொறவு கதவத் தொறந்து நான் என்னத்தப் பாக்க?"

அழவில்லை. நேரம் கேட்பது மாதிரிக் கேட்டாள். இன்னொரு தடவை வாரண்டுக்கு மனுப் போடு என்று மட்டும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவளை அங்கிருந்து அனுப்புவதற்காக இருக்கும்.

மனுப் போட்டுவிட்டாள். இரண்டாவது வாரண்ட் வந்தது. நாசரிடம் கொண்டுபோய், இதில் ஒன்றும் நடக்காது, அங்கே விசிறி இருப்பது வடக்கே என்றேன். தாள்ல இருக்கா என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. ஸ்கேலை முதல் வரியில் வைத்தார். படித்தார். ஒரு வரி இறக்கினார். அங்கேயே வைத்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"இதப் படிச்சீங்களா?"

மேற்படி சுவரில் உள்ள திறப்பைச் செங்கல் கொண்டு நிரந்தரமாக அடைக்க வேண்டியது.

முதல் தடவை நான் பாதியைத்தான் படித்திருக்கிறேன். விசிறி இல்லை என்றதும் திரும்பிவிட்டேன். அத்தனை பேரையும் ஏசுகிறேனே, அந்த வரிசையில் நானும் ஒருவன். மேற்படி சுவர் என்றால் தெற்குச் சுவர். தெற்குச் சுவரில் இருக்கிற திறப்பு ஒன்றே ஒன்று. ஷட்டர்.

நாசர் நிமிரவில்லை. போலீஸ் பாதுகாப்புக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், செங்கல் கூடுதலாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றார். அந்த ஆளுக்குச் சிரிக்கத் தெரியுமா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

காலை பத்து மணிக்குப் போனோம். நான், ஒரு கான்ஸ்டபிள், கொத்தனார், ஒரு தட்டு வண்டி செங்கல். மில்லில் நல்ல கூட்டம். பெண்கள் தூக்குவாளியும் டின்னுமாக வரிசையில் நின்றார்கள். சோலைமலை உள்ளே கல்லாவில் இருந்தார். பழையபடி ஆரம்பித்தார். எழுத்தில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும் என்றார்.

சரி என்றேன். வாரண்டைச் சத்தமாகப் படித்தேன். தெற்குச் சுவரில் விசிறி இல்லை, குறித்துக்கொண்டேன் என்றேன். இரண்டாவது வரியைப் படித்தேன். கொத்தனாரைப் பார்த்தேன். அவர் ஷட்டர் வாசலில் கலவையைக் கொட்டி முதல் வரிசைக் கல்லை வைத்தார்.

சோலைமலைக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. இரண்டாவது வரிசையில் புரிந்தது.

"அண்ணே, இது வாசலுண்ணே."

"சுவத்துல இருக்கிற திறப்பு" என்றேன்.

"ஆளு போக வர வேணாமா?"

"தாள்ல இல்ல."

வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "அண்ணே, என் மல்லிய மட்டும் அரைச்சுக் குடுத்துட்டு உள்ள இருந்துக்கங்க. சோத்த அந்த விசிறி ஓட்ட வழியாத் தாரோம்."

கூட்டம் சிரித்தது. கான்ஸ்டபிள் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சோலைமலை வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல் தீர்ப்பைப் படிக்கச் சொன்னார். படித்தார். வக்கீல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு நாளைக்குத் தடை மனுப் போடலாம் என்று சொன்னார். நாளைக்கு என்றதும் சோலைமலை கல்லைப் பார்த்தார். நான்காவது வரிசை போய்க்கொண்டிருந்தது. முழங்காலுக்கு வந்துவிட்டது.

காலைத் தூக்கி அதைத் தாண்டி வெளியே வந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, தெக்குன்னா வடக்குதாண்ணே."

"எழுதிக் குடு" என்றேன்.

எழுதினார். தீர்ப்பில் தெற்கு என்று கண்டது வடக்கு என்பதே என்றும், விசிறியைத் தானே அகற்றிக்கொள்வதாகவும், திறப்பை அடைக்க ஆட்சேபணை இல்லை என்றும். கான்ஸ்டபிளும் மல்லி அரைக்க வந்த பெண்ணும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சோலைமலையே ஏணி போட்டு விசிறியைக் கழற்றினார். ஷட்டரில் வைத்த கல்லைக் கலவை காய்வதற்குள் பெயர்த்து, வடக்குச் சுவர் ஓட்டையில் வைத்து அடைத்தார் கொத்தனார்.

அப்படி எழுதி வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. யாராவது கேட்டிருந்தால் ரிட்டயர் ஆகிற நேரத்தில் மெமோ வந்திருக்கும். பிரதிவாதி தாமாகவே அகற்றிக்கொண்டார், வாதி ஏற்றுக்கொண்டார் என்று ரிப்போர்ட் எழுதினேன். எந்தச் சுவர் என்று எழுதவில்லை. நாசர் ஸ்கேலை வரி வரியாக இறக்கி முழுவதும் படித்தார். சுவர் எங்கே என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

சோலைமலை பிறகு விசிறியை ரோட்டுப் பக்கம் மாட்டினார். ரோட்டில் போகிறவர்கள் தும்மினார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை. விசிறி வாய்க்குக் காடாத் துணியில் ஒரு பை தைத்துக் கட்டினார். தூள் பைக்குள் விழுந்தது. நெடி நின்றது. ஒரு துணிப் பை. அதைத் தெருக்காரர்களுக்கு ஒரு வாரத்தில் செய்தவர், இவளுக்கு ஆறு வருடம் செய்யவில்லை. இவள் ஒருத்தி, அவர்கள் யாவாரம்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று பாக்கி. பூச்சு வேலை முடிந்ததும் வாதியிடம் கையெழுத்து வாங்கச் சந்து வழியாகச் சுற்றி அவள் வீட்டுக்குப் போனேன். கொத்தனாரும் வந்தார். வீட்டுக்குள் பகல் என்றே தெரியவில்லை. அவள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் பின்வாசல் தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். வரவில்லை. நெடி வராமல் இருக்கக் கதவிடுக்கில் எல்லாம் துணி திணித்து, பலகை வைத்து ஆணி அடித்து, சுற்றிச் சிமெண்டும் பூசியிருந்தாள். அவள் கையாலேயே செய்தது. ஆறு வருடத்தில் மரம் ஊதி நிலையோடு இறுகிவிட்டது.

கொத்தனார் நாளைக்கு உளியோடு வருகிறேன் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு எந்தக் கோர்ட்டுல மனுப் போடணும் அமீனாய்யா?"

வாரண்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கொத்தனார் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினேன். பலகை பெயர்ந்தது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே கொடுத்து நெம்பினேன். மூன்றாவது நெம்பில் விட்டது. சிவப்புத் தூள் சரிந்து விழுந்தது. எல்லோரும் தும்மினோம். பிறகு வெளிச்சம் வந்தது.

அவள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். வாசலில் நின்று வெளியே பார்த்தார். நாலடி இடம். அதற்கு அந்தப் பக்கம் மில் சுவரில் புதுச் செங்கல், ஈரம் காயாத கலவை.

"இம்புட்டுத்தானா எடம்?" என்றார்.

"இம்புட்டுக்குத்தான் ஆறு வருசம்" என்றாள் பஞ்சவர்ணம். துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.